வைத்திய மாணவர்களும் ஸ்கேன் வித்தையும்

(கோவில்பட்டியில் வைத்திய மாணவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், வைத்தியக் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்கேன் பார்க்கும் வித்தையைக் கைப்பழக்கமாகக் கற்றுக் கொடுக்க வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்விதம் கற்றுக் கொடுப்பது, அதற்கு இந்நாட்டில் குறுக்கே நிற்பது எது என்பதாகும். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டிய காரியமல்லவா, கம்பும் உளுந்தும் விதைக்கிற நமக்கும் தீப்பெட்டி ஆபீசில் பாடுபடுகிற நமக்கும் இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். அப்படி எண்ணுவது சரியல்ல என்பதுதான் நமது முதல் பேச்சு. ஸ்கேன் பார்க்கப்படுகிற வயிறு நம்முடையது. அந்த மாணவர்கள் படிக்கிற கல்லூரியின் ஒவ்வொரு செங்கல்லும் நம்முடைய வரிப்பணம். இக்கரிசல் சீமையைச் சுற்றி, திருநெல்வேலியில் 1965-லும், தூத்துக்குடியில் 2000-லும், விருதுநகரில் 2022-லும் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே என்ன கற்றுக் கொடுக்கிறார்கள், என்ன கற்றுக் கொடுப்பதில்லை என்று கேட்கிற பாத்தியதை நமக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஒரு காலத்தில் படிப்பு என்பது ஒரு சிலருக்கென்று பூட்டி வைக்கப்பட்டிருந்தது. காதால் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். இன்று அப்படி எழுத எவனுக்கும் தைரியமில்லை. ஆனால் அறிவைப் பூட்டி வைக்கிற காரியம் முற்றிலும் நின்று விடவில்லை. பூட்டின் தினுசு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் விஷயத்தில் அந்தப் பூட்டைப் போட்டது யார் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம். கேட்டால் சிலருக்குக் கோபங்கூட வரும்.

கருவி எங்கிருந்து வந்தது?

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சந்தையில் மண்பானை வாங்குகிற கிழவி பானையை விரலால் சுண்டிப் பார்க்கிறாள். ஓசை கணீரென்றிருந்தால் நல்ல பானை, மங்கலாயிருந்தால் கீறல் விழுந்தது. உள்ளே பார்க்க முடியாததை ஓசையால் பார்க்கிறாள். ஆஸ்திரியா தேசத்தில் ஆவன்புருக்கர் என்ற டாக்டர் 1761-ல் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவருடைய தகப்பனார் சத்திரம் நடத்தியவர். திராட்சைச் சாராயப் பீப்பாயைத் தட்டி, எதுவரை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. அவர் எழுதியதை நாற்பது ஐம்பது வருஷ காலம் பெரிய டாக்டர்கள் யாரும் சட்டை செய்யவில்லை.

ஸ்கேன் கருவியும் இதே வழியில் வந்ததுதான். மனிதன் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள சத்தத்தைத்தான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் போகிற சத்தம் வினாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுகள் கொண்டது. புரோப் என்கிற கைப்பிடிக்குள் இருக்கும் பொருள், மின்சாரம் பட்டால் அதிர்ந்து சத்தத்தை அனுப்பும். திரும்பி வருகிற சத்தம் அதில் மோதினால் அதை மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும். இந்தக் குணத்தை 1880-ல் பிரான்சு தேசத்துக் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். சத்தம் சதைக்குள்ளே வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள உறுப்பில் மோதித் திரும்பி வர ஒரு வினாடியில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான் ஆகிறது. அந்த நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் போடுகிறது. தண்ணீரும் இரத்தமும் கறுப்பாய்த் தெரியும். கல் வெள்ளையாய்த் தெரிந்து பின்னால் நிழல் விழும். காற்றையும் எலும்பையும் இந்தச் சத்தம் தாண்டிப் போகாது. தோலுக்கும் புரோப்புக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாதென்றுதான் குளிர்ந்த பசையைத் தடவுகிறார்கள். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டு என்ற பிரசவ டாக்டர், 1955-ல், கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். இரும்புத் தகட்டினுள்ளே விரிசல் இருக்கிறதா என்று சத்தத்தால் சோதிக்கிற கருவி அங்கே இருந்தது. ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கொண்டு போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. பிறகு டாம் பிரவுன் என்ற இன்ஜினீயரும் ஜான் மக்விகர் என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்து வேலை செய்து, 1958-ஆம் வருஷம் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். வயிறு வீங்கி, இனித் தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை இந்தக் கருவியால் பார்த்தபோது, அது சினைப்பையில் வந்த பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. அதை வெட்டியெடுத்தார்கள், அந்த அம்மாள் பிழைத்துக் கொண்டாள்.

எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் இது தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பீப்பாய் தட்டினவன், கொதிகலன் செய்தவன், கம்பி முடுக்கினவன் ஆகிய தொழிலாளிகளுடைய அறிவிலிருந்து வந்தது. பாடுபடுகிறவன் கையிலிருந்து பிறந்த கருவி பாடுபடுகிறவனுக்கு உதவாமல் போவதென்றால் அது நியாயமா?

கை பழகாமல் கண் திறக்காது

எக்ஸ்ரேயில் படம் எடுப்பவர் ஒருவர், அதைப் பார்த்துச் சொல்லுகிறவர் வேறொருவர். படத்தை எடுத்து வைத்துக் கொண்டால் நாளைக்கும் பார்க்கலாம், மதுரைக்கு அனுப்பியும் பார்க்கலாம். ஸ்கேன் பெரும்பாலும் அப்படியல்ல. புரோப்பைப் பிடித்திருக்கிற கை எப்படிச் சாய்கிறதோ அப்படித்தான் படம் வரும். ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் கட்டி மறைந்து போகும். ஆகவே புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதி இந்த வித்தையை வாங்கி விட முடியாது. ஏர் பிடிக்கப் புத்தகம் படித்தவனால் உழவு கோணாமல் போகுமா?

அப்படியானால் எப்படிக் கற்றுக் கொடுப்பது? அமெரிக்காவில் தென் கரோலினா சர்வகலாசாலையின் வைத்தியப் பள்ளியில் 2006 முதற்கொண்டு மாணவன் நுழைந்த முதல் வருஷத்திலிருந்தே, படிப்பு முடிகிற நாலு வருஷமும் ஸ்கேனைப் பாடத்தோடு பாடமாய்க் கற்றுக் கொடுத்து வருகிறார்கள். பிணத்தை அறுத்து ஈரலைப் பார்க்கிற அதே காலத்தில், உயிருள்ள தோழனின் வயிற்றில் புரோப்பை வைத்து ஈரல் மூச்சோடு ஏறி இறங்குவதையும் பார்க்கிறார்கள். இருதயத்தின் நான்கு அறைகளை மனப்பாடம் செய்கிறவன், அவை திறந்து மூடுவதைக் கண்ணால் காண்கிறான். கண்டவனுக்கு மறக்குமா, மனப்பாடம் பண்ணினவனுக்கு மறக்குமா?

இதற்குப் பெரும் பணம் வேண்டுமென்று சொல்லிக் காலம் கடத்துவார்கள். கருவிக்குப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் பழகுவதற்கு வேண்டிய மற்றச் சாமான்கள் கடைத்தெருவிலேயே கிடைக்கும். கடற்பாசியைக் காய்ச்சி உறைய வைத்து, அதற்குள்ளே திராட்சைப் பழத்தைப் புதைத்து, அதைக் கட்டியென்று வைத்துக் கொண்டு தேடப் பழகலாம். கோழிக் கறித் துண்டில் ஊசி போகிற வழியைப் பார்த்துப் பழகலாம். பிறகு மாணவர்கள் ஒருவருக்கொருவர் படுத்துக் கொடுத்துச் சிறுநீரகம் எது, மூத்திரப்பை எது என்று பழகலாம். பக்கத்தில் வாத்தியார் நின்று கையைத் திருத்த வேண்டும், கடைசியில் புரோப்பைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைக்க வேண்டும். இந்தியாவில் 2019 முதல் வைத்தியப் படிப்பைத் திறமையை அடிப்படையாகக் கொண்டு மாற்றியமைத்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். திறமை என்றால் கையில் இருக்க வேண்டாமா?

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தர்மாஸ்பத்திரிக்கு வருகிற ஏழையின் வயிறு மாணவன் எழுதிப் பழகுகிற சிலேட்டு அல்ல. மாணவன் கற்க வேண்டியது அவசியம். நோயாளி உதவ வேண்டியதும் அவசியமே. ஆனால் "அம்மா, நான் மாணவன், பழகுகிறேன், பார்க்கலாமா?" என்று கேட்டு, சம்மதம் வாங்கி, திரை போட்டு, துணியை வேண்டிய மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டும். வேண்டாமென்று அவள் சொன்னால் அதற்காக வைத்தியம் குறையக் கூடாது. பணக்காரன் மனைவியிடம் கேட்பது போலக் கூலிக்காரன் மனைவியிடமும் கேட்க வேண்டும். இதுவும் பாடந்தான். இதைக் கற்காதவன் மற்றதெல்லாம் கற்றும் பிரயோஜனமில்லை.

அன்றியும், தொட்டால் தீட்டு என்கிறவன் இந்த வித்தைக்கு லாயக்கில்லாதவன். புரோப் தொட்டால்தான் படம் வரும். முகத்தில் பிறந்தவன் என்பவனுக்கும் பாதத்தில் பிறந்தவன் என்பவனுக்கும் ஈரல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, இரண்டு பேரும் வளர்ந்தது தாயின் கர்ப்பப்பையில்தான் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிற டாக்டர், வீட்டிற்குப் போய் ஜாதி பேசுவாரானால் அவர் பார்த்த ஸ்கேனால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நமக்கு இதனால் என்ன லாபம்?

இக்கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். விளாத்திகுளத்துக்குக் கிழக்கேயும் எட்டயபுரத்துக்குத் தெற்கேயும் உள்ள கிராமத்தானுக்கு, பஸ் ரோட்டுக்கு வந்து சேருவதே மழைக் காலத்தில் பெரும்பாடு. கரிசல் மண் காலைப் பிடித்துக் கொள்ளும். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டு மாதத்தில் அடிவயிற்று வலி தாங்காமல் மயங்கி விழுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். அவன் உடுக்கை அடித்து, எந்தச் சாமி கோபித்துக் கொண்டது என்று விடிய விடியக் கேட்பான். உண்மையில் கரு, கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளே இரத்தம் கொட்டிக் கொண்டிருக்கும். விடிவதற்குள் அந்த உயிர் போய்விடக் கூடும்.

அப்பெண்ணைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். அங்கே படித்து முடித்து வந்த இளம் டாக்டர் இருக்கிறார். அவர் கை பழகியிருந்து, கருவியும் இருந்து, பார்க்கவும் அனுமதி இருந்தால், சில நிமிஷத்தில் வயிற்றுக்குள் கறுப்பாய் இரத்தம் தேங்கியிருப்பதைக் கண்டு, ஆபரேஷன் உள்ள ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லி, இரத்தம் ஏற்பாடு பண்ணி, ஆம்புலன்சில் ஏற்றிவிடலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லாமற் போனாலும், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டெழுதிக் கொடுக்கத்தான் முடியும். அந்தச் சீட்டைப் பிடித்துக் கொண்டு போகிற வழியில் காலம் போகிறது.

நாற்கரச் சாலையில் மோட்டார் விபத்தில் அடிபட்டவனுக்கும் இதே கதைதான். வெளியே காயமில்லை, பேசிக் கொண்டு வருகிறான், அரை மணியில் சாய்ந்து விடுகிறான். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவில், மூத்திரப்பைக்குப் பின்னால், இருதயத்தைச் சுற்றி ஆக நான்கே இடங்களைப் பார்த்தால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று சொல்லலாம். உலகமெங்கும் விபத்துச் சிகிச்சையில் இதைச் செய்கிறார்கள். வெயிலில் நின்று, குடிக்கத் தண்ணீரில்லாமல் வேலை செய்து, சிறுநீரகத்தில் கல் வந்து துடிக்கிறவனுக்கும் இக்கருவி உண்மையைச் சொல்லும். கர்ப்பிணிகளுக்கு 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது பார்க்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் சிபாரிசு செய்திருக்கிறது. நஞ்சுக்கொடி கீழே வழியை அடைத்திருக்கிறதா, இரட்டைப் பிள்ளையா, வளர்ச்சி சரியா என்று முன்பே தெரிந்தால் பிரசவ சமயத்தில் தாய் சாக வேண்டியதில்லை.

பூட்டு எது?

நிற்க, இவ்வளவு உதவியான வித்தையை ஏன் எல்லா டாக்டர்களும் கற்றுக் கைக்கொள்ள முடியவில்லை என்பதற்கு வருவோம்.

1970-களின் மத்தியில் டெல்லியில், கர்ப்ப நீரைச் சோதித்துக் குழந்தையின் குறைகளைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. குறை கண்டுபிடிக்க வந்த சோதனையை, பெண்ணா என்று கண்டுபிடித்து அழிக்க நம் ஜனங்கள் உபயோகித்துக் கொண்டார்கள். பெண்ணாய்ப் பிறப்பதே குறை என்று முடிவு கட்டியவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? பிறகு ஸ்கேன் பரவியதும் அக்கொலை சுலபமாயிற்று. மகாராஷ்டிரத்தில் 1988-லும், இந்தியா முழுமைக்கும் 1994-லும் இதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். அப்படியும் ஆறு வயசுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் இந்தியாவில் 1991-ல் 945 ஆக இருந்தது, 2001-ல் 927 ஆகி, 2011-ல் 920-க்கும் கீழே போயிற்று. நம் தமிழ்நாட்டில் 2011-ல் 943.

இந்தச் சட்டத்தின்படி, பிள்ளை ஆணா பெண்ணா என்று காட்டக்கூடிய ஸ்கேன் கருவி ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். கர்ப்பிணியைப் பார்த்தால் கணக்கெழுத வேண்டும். இடம் விட்டு இடம் தூக்கிக் கொண்டு போகிற சிறு கருவிகளுக்கு 2012-ல் இன்னும் கட்டுப்பாடு வந்தது. அயல் நாட்டு டாக்டர் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு குடிசைக்குப் போகிற கருவியை, நம் டாக்டர் அப்படிக் கொண்டு போக முடியாது. வெறும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர் ஸ்கேன் பார்க்க வேண்டுமானால், தனியாக ஆறு மாதம், 300 மணி நேரம் பயிற்சி பெற்றுப் பரீட்சை கொடுக்க வேண்டுமென்று 2014-ல் விதி செய்தார்கள். 2016-ல் டெல்லி ஐகோர்ட் அந்த விதி செல்லாதென்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

சட்டம் செய்தவர்களை நாம் குறை கூற வரவில்லை. திருடன் நிறைந்த ஊரில் கதவுக்குப் பூட்டுப் போட்டவன் மேல் கோபித்து என்ன பயன்? திருடன் யார் என்றுதான் பார்க்க வேண்டும். தோழர்களே! அந்தத் திருடன் நாம்தான், நம்முடைய மூடத்தனந்தான்.

ஆண் பிள்ளை எதற்கு என்று கேட்டால் கொள்ளி வைக்க என்கிறார்கள். புத் என்று ஒரு நரகம் இருக்கிறதாம், அதிலிருந்து கரையேற்றுகிறவன் புத்திரனாம். அந்த நரகத்தைப் போய்ப் பார்த்துத் திரும்பினவன் ஒருவனும் கிடையாது. இல்லாத நரகத்துக்குப் பயந்து, உள்ள பெண்ணைக் கொல்லுகிறான். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுகிறவள் மகளாயிருக்க, கொள்ளி வைக்கிறவனுக்காக ஏங்குகிறான். இரண்டாவது காரணம் வரதட்சணை. மூன்றாவது சொத்து வேறு வீட்டுக்குப் போய்விடுமென்ற பேராசை. பெண்ணுக்கும் ஆணைப் போலவே சொத்து உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டமாயிற்று. சட்டம் வந்தும் மனம் வரவில்லை.

ஸ்கேன் வந்ததால்தான் இந்தக் கேடு வந்தது என்று சிலர் கருவியின்மேல் பழி போடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் சிசுக்களைக் கொல்லுகிறார்கள் என்ற செய்தி 1986-ல் பத்திரிகையில் வந்து நாடே திடுக்கிட்டதே, அங்கே அவர்கள் கையில் என்ன ஸ்கேனா இருந்தது? கள்ளிப்பால்தானே இருந்தது! 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வைக்க வேண்டி வந்ததும் ஸ்கேனாலா? கள்ளிச் செடியைக் குற்றஞ் சொல்லுவது எவ்வளவு அறிவீனமோ, கருவியைக் குற்றஞ் சொல்லுவதும் அவ்வளவு அறிவீனம்.

இதே சட்டத்தில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. ஒரு கர்ப்பிணி இந்தச் சோதனைக்கு வந்தாளென்றால், புருஷனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே, வேறு விதமாக நிரூபிக்கப்படுகிற வரையில், கோர்ட்டு கருத வேண்டும் என்பதே அது. குற்றம் யார் தலையில் இருக்கிறது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. மாமியாருக்கும் மாமனாருக்கும் தெரிய வேண்டாமா?

ஆக, கணக்கைப் பாருங்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டுமென்று ஒருவன் பெண்ணைக் கொன்றதால், கருவிக்குப் பூட்டு வந்தது. பூட்டு வந்ததால், விளாத்திகுளத்துக் கர்ப்பிணி மயங்கி விழும்போது பக்கத்து டாக்டர் கையில் கருவி இல்லை. முன்னே கருவிலிருந்த பெண் செத்தாள். இப்போது கரு சுமக்கிற பெண்ணும் சாகிறாள். ஒரே மூடநம்பிக்கை இரண்டு தலைமுறைப் பெண்களைக் கொல்லுகிறது. இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது என்று கேட்கின்றோம்.

சில ஆட்சேபனைகள்

அரைகுறையாய்க் கற்றவர்கள் கையில் கருவியைக் கொடுத்தால் ஆபத்தல்லவா என்று பெரிய டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாரதத்தில் அபிமன்யு தாயின் வயிற்றிலிருந்தே பாடம் கேட்டானாம். சக்கர வியூகத்தில் நுழையக் கேட்டான், வெளியே வரக் கேட்கவில்லை, செத்துப் போனான். வயிற்றுக்குள் பாடம் கேட்டது பொய்யானாலும், பாதிப் பாடம் ஆளைக் கொல்லும் என்பது மெய். ஆனால் அதற்கு மருந்து முழுப் பாடம் சொல்லிக் கொடுப்பதா, பாடத்தையே நிறுத்துவதா? எல்லா நோயையும் கண்டுபிடிக்கிற நிபுணராக ஒவ்வொரு மாணவனையும் ஆக்கச் சொல்லவில்லை. வயிற்றில் இரத்தம் உண்டா இல்லையா, கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா இல்லையா, குழந்தையின் இருதயம் அடிக்கிறதா இல்லையா, நுரையீரலைச் சுற்றி நீர் உண்டா இல்லையா என்று ஆம், இல்லை சொல்லத்தக்க சில கேள்விகளுக்குப் பதில் காணக் கற்றுக் கொடுங்கள் என்கிறோம். இதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று சொல்லி, நிபுணரிடம் அனுப்பவும் கற்றுக் கொடுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுவதுதான் பகுத்தறிவின் அரிச்சுவடி.

ஸ்டெதாஸ்கோப் வந்தபோதும் இதே ஆட்சேபனைதான். 1816-ல் லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கிக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் அக்கருவி பிறந்தது. அவர் புத்தகத்தை 1821-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்த டாக்டரே, இது பழக்கத்துக்கு வருமென்று தமக்கு நம்பிக்கையில்லை, காலமும் சிரமமும் அதிகம் பிடிக்கும் என்று எழுதினார். இன்று அதைக் கழுத்தில் போடாத டாக்டரைக் கண்டதுண்டா?

எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தால் ஆண், பெண் சொல்லுகிற அயோக்கியர்கள் பெருகுவார்களே என்பது மற்றோர் ஆட்சேபனை. இதுவரை காசு வாங்கிக் கொண்டு சொன்னவர்கள் கற்காதவர்களா? நன்றாய்க் கற்றவர்கள்தானே! அறியாமையால் ஒழுக்கத்தைக் காப்பாற்ற முடியாது. சட்டமும் இருக்கட்டும், தண்டனையும் இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும். அந்தச் சட்டத்தையும் ஸ்கேன் பாடத்தோடு முதல் நாளே மாணவனுக்குக் கற்றுக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது

நாம் கேட்பது மூன்று. ஒன்று, பட்டம் வாங்கின பிறகு தனியாக ஆறு மாதம் என்பதற்குப் பதிலாக, ஐந்தரை வருஷப் படிப்புக்குள்ளேயே அந்தப் பயிற்சியைச் சேர்த்து, சர்க்காரே பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு அந்த யோக்கியதையைச் சட்டப்படி கொடுக்க வேண்டும். இரண்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதிவு செய்த கருவியும், பதிவுப் புத்தகமும், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஜில்லா ஆஸ்பத்திரி நிபுணரும் இருக்க வேண்டும். மூன்று, விபத்திலும் ஆபத்திலும் உயிர் காக்கப் பார்க்கிற ஸ்கேனுக்குச் சட்டத்தில் தெளிவான வழி வேண்டும்.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஸ்கேன் அறையில் போய், "என்ன பிள்ளை?" என்று கண்ஜாடை காட்டாதீர்கள். ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனம் பூசிவிட்டு, மறுநாள் அதனிடம் பெண் கொலைக்கு வழி கேட்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் அளந்து பார்த்தால் குழந்தையின் வயசை ஒரு வாரத்துக்குள் சரியாய்ச் சொல்லுகிற கருவியின் பேச்சைத் தள்ளிவிட்டு, ஜோசியன் குறித்த நாழிகைக்கு வயிற்றைக் கீறச் சொல்லி, முற்றாத பிள்ளையை எடுக்காதீர்கள். உங்கள் பெண்ணைக் கோடாங்கியிடம் கொண்டு போகுமுன் டாக்டரிடம் கொண்டு போங்கள். மகளுக்குப் பங்கு எழுதி வையுங்கள்.

மாணவத் தோழர்களே! 1875-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் முதன் முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது, பெண்ணுக்கு இந்தப் படிப்பு ஏறுமா என்று கேட்டார்கள். இன்று இங்கே வந்திருக்கிற மாணவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர்கள் கையில் புரோப்பைக் கொடுங்கள் என்று கேட்க, இந்தக் கரிசல் காட்டு ஜனங்கள் முன்வர வேண்டும். பெண்ணைக் கொல்லுவதை நாம் நிறுத்துகிற அன்றைக்கு, பூட்டைத் திற என்று சர்க்காரைக் கேட்கிற யோக்கியதை நமக்கு முழுவதும் வந்துவிடும். அந்த யோக்கியதையைச் சீக்கிரம் அடைய வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.